கண் போட்ட கால்மிதி

ஈவா: பெல்லை நீ அடி.

ஆர்னால்ட்: உங்கப்பா வீடு. நீ அடி.

ஈவா: எல்லா வீட்லயும் நான்தானே அடிச்சேன்? இந்த ஒரு வீட்லயாவது...

ஆர்னால்ட்: பெல் அடிச்சது நீ. மூஞ்சியில வாங்கினது நான்.

ஈவா: யாரும் திட்டலயே. ஜெனிவீவ் ஆன்ட்டிகூட ஒரு வார்த்தை சொல்லல.

ஆர்னால்ட்: சொல்லல. நாம வித்த கால்மிதியைத் திருப்பிக் கேட்டதும், பிளாஸ்டிக் பையில சுத்தி, ரெண்டு விரலால பிடிச்சு நீட்டினாங்க பாரு... செத்த எலியைக் குடுக்கற மாதிரி. அதுக்குத் திட்டியே இருக்கலாம்.

ஈவா: மெதுவா பேசு லா. காரிடார்ல பேசினா எல்லா வீட்டுக்கும் கேக்கும்.

ஆர்னால்ட்: கேட்டா என்ன? குவீன்ஸ்டவுன்லேர்ந்து சிராங்கூன் வரைக்கும் நம்ம சர்ச் ஆளுங்க எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.

ஈவா: நீதானே சர்ச் ஃபன் ஃபேர்ல விக்கப் புதுசா ஏதாவது போடலாம்னு சொன்னே?

ஆர்னால்ட்: புதுசான்னா கோப்பி மக்கு, தட்டு, தண்ணி பாட்டில்... கால்மிதின்னு சொன்னேனா? நட்சத்திரப் படத்தைக் குடையில போட்டோம், தோள்பையில போட்டோம், போர்வையில போட்டோம். லிட்டில் இந்தியால நம்ம கடைக்கு வர்றவங்க, வானத்தையே தோள்ல மாட்டிக்கிட்டுப் போற மாதிரி இருக்குன்னு சொல்லிச் சொல்லி வாங்கினாங்க. டெலஸ்கோப்ல எடுத்த படம் எத்தனை கிடக்கு. போயும் போயும் அந்தப் படம்தான் கிடைச்சுதா கால்ல போட?

ஈவா: அழகா இருந்துச்சு. நடுவுல நீலம், சுத்தி ஆரஞ்சு... கால்மிதிக்குன்னே எடுத்த மாதிரி அப்படியே பொருந்துச்சு.

ஆர்னால்ட்: அந்தப் படத்துக்குப் பேரு என்ன?

ஈவா: ஹீலிக்ஸ் நெபுலா.

ஆர்னால்ட்: அது விஞ்ஞானிங்க வெச்ச பேரு. ஊருல கூப்பிடற பேரு?

ஈவா: விடு.

ஆர்னால்ட்: சொல்லு.

ஈவா: ...கடவுளின் கண்.

ஆர்னால்ட்: ம். அதைக் கால்மிதியில அடிச்சு, சர்ச் வாசல்லயே மேசை போட்டு வித்திருக்கோம்.

ஈவா: சிரிக்காதே.

ஆர்னால்ட்: சிரிக்கல. முகம் அப்படிப் போகுது, நான் என்ன பண்ண?

ஈவா: ஃபேர் முடிஞ்சு ஒரு மாசம் யாருக்கும் எதுவும் தெரியல. மேக்ஸ்வெல் அண்ணன் மட்டும் போன்ல தேடிப் பாத்து வாட்ஸ்அப் குரூப்ல போடலன்னா...

ஆர்னால்ட்: அவரு மேல ஏன் பழி போடறே? நான் உங்கிட்ட முதல்லயே சொன்னேனா இல்லயா? பிரிண்டுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே, 'இந்தப் படத்துக்கு இப்படி ஒரு பேரு இருக்கு, வேணாம் ஈவா'ன்னு சொன்னேனா இல்லயா?

ஈவா: சொன்னே.

ஆர்னால்ட்: நீ என்ன சொன்னே?

ஈவா: நம்ம ஆளுங்களுக்கு யாருக்குத் தெரியப் போகுதுன்னு...

ஆர்னால்ட்: அப்புறம் சர்ச் ஹால்ல, ஃபாதர் முன்னாடி, அத்தனை பேரு முன்னாடி?

ஈவா: அதை மறுபடி சொல்லாதே, ப்ளீஸ்.

ஆர்னால்ட்: 'சத்தியமா எங்களுக்குத் தெரியாது ஃபாதர்.' தெரியாதுன்னு மட்டும் சொல்லியிருக்கலாம். சத்தியம் வேற.

ஈவா: எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. வாயில அதுதான் வந்துச்சு. நான் என்ன, யோசிச்சா சொன்னேன்?

ஆர்னால்ட்: நானும் பக்கத்துல நின்னு தலையாட்டினேன். அதுக்கப்புறம் கண்ணாடி பாத்து ஷேவ் பண்ணவே ஒரு மாதிரி இருக்கு.

ஈவா: அப்பா அன்னிக்குக் கடைசி வரிசையில உக்காந்திருந்தாரு. நான் சத்தியம்னு சொன்னதும் எழுந்து வெளிய போயிட்டாரு. நீ பாத்தியா?

ஆர்னால்ட்: பாத்தேன்.

ஈவா: அதுலேர்ந்து பூசையில பைபிள் வாசகம் வாசிக்கறதே இல்ல. என்னைக் கையில பிடிச்சுக் கூட்டிட்டுப் போன காலத்துலேர்ந்து வாசிக்கறவரு. கேட்டா, தொண்டை கட்டிக்கிச்சுங்கறாரு. தொண்டையா அது? பொண்ணு பண்ணின காரியத்துக்கு எந்த முகத்தை வெச்சுக்கிட்டு மைக் முன்னாடி நிப்பாரு?

ஆர்னால்ட்: அப்போ இன்னிக்குச் சொல்லிடு.

ஈவா: எப்படிச் சொல்றது? அம்மா போய் இன்னும் வருஷம் திரும்பல. அவரே உடைஞ்சு போய்... ஐயோ, அடிச்சிட்டியா?

ஆர்னால்ட்: அடிச்சிட்டேன். இல்லன்னா இங்கயே குடித்தனம் நடத்துவே.

ஈவா: நீ இருக்கியே...

சிலுவைராஜ்: யாரு... அட, ஈவாவா? வாங்க மாப்ள. போன் பண்ணியிருந்தா கீழ போய் ஏதாவது வாங்கி வெச்சிருப்பேனே.

ஆர்னால்ட்: ஒண்ணும் வேணாம் மாமா. சும்மாதான்...

சிலுவைராஜ்: சும்மாவா? கையில இத்தனை பை?

ஈவா: அப்பா... வாசல்ல கால்மிதி மேட்டைக் காணோமே?

சிலுவைராஜ்: எந்த மேட்டு?

ஈவா: நம்ம மேட்டுப்பா. மேசை போட்டதும் முதல் ஆளா வந்து வாங்கினீங்களே.

சிலுவைராஜ்: கோப்பி கலக்கட்டுமா? பால் இல்ல. கோப்பி-ஓ குடிப்பீங்கல்ல மாப்ள?

ஆர்னால்ட்: குடிப்பேன் மாமா, ஆனா...

ஈவா: அப்பா, வித்த எல்லாத்தையும் திருப்பி வாங்கிட்டு வர்றோம். ஒண்ணு விடாம சர்ச்சுக்குக் கொண்டு வரச் சொல்லியிருக்காரு ஃபாதர். உங்களுது மட்டும்தான் பாக்கி.

சிலுவைராஜ்: என்னுது இருக்கட்டும்.

ஈவா: இருக்கட்டுமா? எப்படிப்பா?

சிலுவைராஜ்: தூக்கிப் போட்டாச்சுன்னு சொல்லிடு.

ஆர்னால்ட்: நெசமாவே போட்டுட்டீங்களா மாமா?

சிலுவைராஜ்: ...இல்ல.

ஈவா: வேணாம்ப்பா. எனக்காக நீங்க ஒரு பொய்யும் சொல்ல வேணாம். நான் சொன்னதே போதும்.

சிலுவைராஜ்: நீ என்ன சொன்னே?

ஈவா: ஆர்னால்ட்... நீ சொல்லேன்.

ஆர்னால்ட்: நான் சொல்ல மாட்டேன்.

ஈவா: ...அந்தப் படத்தோட பேரு எனக்குத் தெரியும்ப்பா. இவர் வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் கேக்கல. அப்புறம் எல்லாரு முன்னாடியும் சத்தியம் பண்ணிட்டேன். இவரையும் தலையாட்ட வெச்சேன். ஜெனிவீவ் ஆன்ட்டி என்னைக் கட்டிப் பிடிச்சு, 'தெரியாமத்தானேம்மா பண்ணினே'ன்னு முதுகைத் தடவினாங்கப்பா. நான் நின்னேன். அப்படியே நின்னு வாங்கிக்கிட்டேன்.

சிலுவைராஜ்: அழாதே.

ஈவா: ஞாயித்துக்கிழமை ஃபாதர்கிட்ட நானே சொல்லிடறேன். நீங்க என்னால வாசிக்கறதை விட வேணாம். தப்பு என்னுது. நீங்க எதுக்கு ஒளியணும்?

சிலுவைராஜ்: உன்னாலதான் நான் வாசிக்கறதில்லன்னா நினைச்சே?

ஈவா: பின்ன?

சிலுவைராஜ்: மாப்ள, அந்த ரேடியோவைக் கொஞ்சம் நிறுத்துங்க.

ஆர்னால்ட்: நிறுத்திட்டேன் மாமா.

ஈவா: ரூம் கதவை ஏன் சாத்தி வெச்சிருக்கீங்க? மேட்டு உள்ளயா இருக்கு?

சிலுவைராஜ்: ஈவா, போகாதே... சொல்றேன்ல...

ஈவா: இதோ கிடக்கே! கட்டில் பக்கத்துல... இது அம்மா படுக்கற பக்கமில்ல? எதுக்குப்பா இங்க போட்டீங்க? வர்றவங்க போறவங்க மிதிக்கக் கூடாதுன்னு மறைச்சு வெச்சீங்களா?

சிலுவைராஜ்: மறைச்சுத்தான் வெச்சேன். ஆனா மிதிக்கக் கூடாதுன்னு இல்லம்மா. யாரும் பாக்காம நான் மிதிக்கணும்னு. பேரு எனக்கும் தெரியும். உங்கம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ பக்கத்துக் கட்டில்ல இருந்தவங்க ஒரு காலண்டர் குடுத்தாங்க. அதுல இந்தப் படம். 'கடவுளோட கண்ணு, எப்பவும் பாத்துக்கிட்டே இருக்கும்'னு சொல்லி, உங்கம்மா தலைமாட்டுல மாட்டச் சொன்னாங்க. மாட்டினேன். அவ வலி தாங்காம என் கையை நசுக்குவா... நான் அந்தக் கண்ணைப் பாத்துக்கிட்டே ஜெபம் சொல்லுவேன். அதுவும் பாத்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் உன் மேசையில அதே கண்ணு, கால்மிதியில. வாங்கும்போது எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? தினம் கட்டிலை விட்டு இறங்கினதும் ரெண்டு காலையும் அது மேல வெச்சு நல்லா அழுத்தி நிப்பேன். 'பாத்துக்கிட்டுத்தானே இருந்தே'ன்னு கேப்பேன். கேட்டுட்டு, நல்ல சட்டை போட்டுக்கிட்டு வந்து 'ஆண்டவரின் அருள்வாக்கு'ன்னு மைக்குல வாசிச்சேன். ஒரு மாசம் வாசிச்சேன் ஈவா, கூச்சமே இல்லாம. அன்னிக்கு ஹால்ல நீ சத்தியம் பண்ணின கையோட ஃபாதர் சொன்னாரு பாரு, 'தெரியாம மிதிச்சவங்க யாரும் மனசு கஷ்டப்படாதீங்க, தெரிஞ்சு மிதிக்கறவன் நம்மள்ல ஒருத்தனும் இல்ல'ன்னு... அதுக்கு மேல எனக்கு அங்க உக்கார முடியல. இந்தா, சுருட்டியாச்சு, எடுத்துட்டுப் போ. எங்க இருந்துச்சுன்னு ஃபாதர் கேட்டா... வாசல்லதான் கிடந்துச்சுன்னு சொல்லு.