வெண்ட்லாண்டில் கிடைத்த வேலை

ஹம்மிலிருந்து பீலெஃபெல்டுக்குப் போகும் ரயிலில், எனக்கு முன்னால் இருந்த ஒருவர் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொன்னார்: "ஊருக்குள்ள போக ஒரே ஒரு பாதைதான் அக்கா. வீடெல்லாம் வட்டமா நிக்கும். போன வழியாலதான் திரும்பி வரவேணும்."

எல்பே ஆற்றோரத்து வெண்ட்லாண்டில், முதியோர் இல்லம் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது.

"சனம் இருக்கோ?"

"குறைவு. முந்தி மூண்டு பக்கமும் கிழக்கு ஜெர்மனி எல்லை. அதால ஒருத்தரும் போய்க் குடியிருக்கேல்லையாம். எல்லை திறந்த பிறகும் காடும் வயலும்தான்."

"அதுக்கு முதல் ஆர் இருந்தவை?"

"வெண்டர் எண்ட சனம். அவையின்ர பாஷை வேற. அது அழிஞ்சு இருநூறு வரியத்துக்கு மேலயாம். வயல் செய்யிற ஒரு கமக்காரன் மட்டும் கடைசிக் காலத்தில அந்தச் சொல்லுகளை எழுதி வைச்சவராம்."



"அங்க வேற தமிழ்ச் சனம் இருக்கினமோ?"

"இல்லை. நாங்கள் மட்டும்தான்."

"உங்கட மகள் தமிழ் எழுதுவாளோ?"

"கதைப்பாள். எழுத ஏலாது."

"அப்ப போறதோ விடுறதோ?"

"வாறன் எண்டு சொல்லிப்போட்டன் அக்கா. இப்பிடி நிரந்தர வேலை இனிக் கிடைக்காது."

பீலெஃபெல்டில் இறங்க எழுந்தபோது வேலை கிடைத்தவர் கேட்டார்:

"அ, ஆ எழுதப் பழக்கிற அரிவரிப் புத்தகம் இஞ்ச எந்தக் கடையில வாங்கலாம்?"