குச்சியண்ணன் சாகக் கூடாதாம்

— இன்னிக்கு நெட்ல போடுற கேலிப்படத்துல அவனைச் சாகடிச்சிடுங்க.

— யாரை, குச்சியண்ணனையா? காலங்காத்தால கொலை பண்ணச் சொல்றியே.

— டி.பி. கிருமிங்க அது. ரெண்டு கண்ணு, ஒரு தொப்பை வரைஞ்சு விட்டா அண்ணனாயிடுவானா?

— எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாங்க. நேத்து ஓட்டெடுப்பு வச்சேன். முப்பதாயிரம் பேரு அவன் சாகக் கூடாதுங்கறாங்க.

— அந்த முப்பதாயிரம் பேரையும் எங்க லேப்ல வந்து ஒரு சளி டப்பாவைத் திறக்கச் சொல்லுங்க. அப்புறம் வைங்க ஓட்டெடுப்பு.

— அடேங்கப்பா... மைக்ராஸ்கோப்ல சிவப்புக் குச்சியாட்டம் தெரிவான்னு சொல்லி, பேரு வச்சதே நீதானே? விழுந்து விழுந்து சிரிச்சே.

— அப்பச் சிரிப்பா இருந்துச்சு.

— இப்ப?

— இப்ப... விடுங்களேன்.

— லேப்ல யாராச்சும் திட்டினாங்களா?

— இல்லை. ஒருத்தர் ரிசல்ட் வாங்க வந்தாரு. பாசிட்டிவ்னு சொன்னதும் முகமே செத்துப்போச்சு. அப்புறம் செல்போன்ல உங்க படத்தைக் காட்டி, இந்தக் குண்டனா என் நெஞ்சுக்குள்ள உட்கார்ந்திருக்கான்னு கேட்டுச் சிரிச்சாரு.

— மாத்திரை வாங்கிட்டுப் போனாரா?

— போனாரு.

— பின்னே என்னடி குறை?

— எனக்கு அவன் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கலை. லாரில அடிபட்டுச் செத்தான்னு போட்டு முடிங்க.

— கிருமி எங்கே ரோட்டுக்கு வந்துச்சு? அதான் போன மாசத்துலேருந்து வாரா வாரம் இளைக்க வைக்கிறேனே, பார்க்கலையா? தொப்பை பாதி கரைஞ்சாச்சு.

— பார்த்தேன். இப்படி இழுத்தா எப்பத்தான் முடியும்?

— இன்னும் அஞ்சு மாசம் ஆகும்.

— கேலிப்படத்துக்கு எதுக்குங்க ஆறு மாசக் கணக்கு?

— கிட்ட வந்து உட்காரு, சொல்றேன்.

— வேண்டாம். அங்கேருந்தே சொல்லுங்க.

— பார்த்தியா... ஒரு மாசமா தள்ளித் தள்ளியே உட்கார்றே. குறட்டை விடறேன்னு பழியைப் போட்டு அந்த ரூம்ல போய்ப் படுத்துக்கறே. எனக்குக் குறட்டையே கிடையாதுடி.

— இருக்கு... லேசா.

— போன மாசம் வரையறதுக்குக் கிருமிப் படம் கேட்டேன், ஞாபகம் இருக்கா? கம்ப்யூட்டர் திரையை நாலு போட்டோ எடுத்து அனுப்பினே.

— ஆமா. அதுக்கென்ன?

— மூணுல, மேல இருந்த பேரை விரல் வச்சு மறைச்சிருந்தே.

— மறைக்காம? நோயாளி பேரு வெளியே போகக் கூடாதுங்க. வேலைக்குச் சேர்ந்த நாளா எனக்கு அது பழக்கம்.

— நாலாவதுல மறைக்கலை.

— அவசரத்துல விட்டிருப்பேன்.

— உன் பேரு ஒரு நோயாளியோட பேருன்னு உனக்குத் தோணவே இல்லை, இல்லையா?

— ...ஏங்க, அன்னிக்கேவா தெரியும்?

— அன்னிக்கே தெரியும். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்.

— தினமும் சொல்லணும்னுதான் வருவேன். உங்க முகத்தைப் பார்த்ததும் வாய் வராது. எனக்கு என்னைப் பத்திக் கூடப் பயம் இல்லைங்க, உங்களுக்கும் ஒட்டியிருந்தா... நீங்க முதல்ல போய் டெஸ்ட்...

— எடுத்தாச்சு, எனக்கு ஒண்ணும் இல்லை. அவனை எப்பச் சாகடிக்கிறதுன்னு இனிமே என்னைக் கேட்காதே, ஆறு மாச மாத்திரையை முழுங்கறது நீதான்.