ஜெயித்தவர் எடுத்த டிக்கெட்

கெலமங்கலத்திலிருந்து ஓசூருக்கு ஷிப்டுக்குப் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த இருவரின் பேச்சிலிருந்து நான் புரிந்துகொண்டது:

1. அண்ணன், தன் நிலத்து வழியே போகும் வண்டிப் பாதையைப் பயன்படுத்தக் கூடாது என்று பங்காளித் தம்பி மேல் கோர்ட்டில் கேஸ் போட்டார்.
2. ஊர்ப் பஞ்சாயத்தில் இருவரும் சமாதானமாகி, ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள்.
3. கேஸும் அதோடு முடிந்தது என்று நினைத்து, தம்பி வாய்தாவுக்குப் போகவில்லை.
4. அண்ணன் தன் வக்கீலிடம் சமாதானத்தைச் சொல்லவில்லை. வக்கீல் வழக்கம்போல் போனார். எதிராளி வராததால் தீர்ப்பு அண்ணன் பக்கம் ஆகிவிட்டது.

"ரெண்டு ஓசூர்" என்று கண்டக்டரிடம் காசை நீட்டினார் அண்ணன்.

"எம்மேல கேஸ் போட்டு ஜெயிச்சவன் நீ. டிக்கெட்டும் நீயே எடுக்கறியா?"

"நான் எங்கடா ஜெயிச்சேன்? தூங்கினவன் கழுத்துல மாலை போட்டுட்டாங்க."

"பாதைய அடைச்சுட்டா என் தக்காளி வண்டி எப்பிடிண்ணா வெளிய வரும்?"

"நான் அடைக்க மாட்டேன்டா."

"நீ அடைக்க மாட்ட. நாளைக்கு உம்பசங்க அடைப்பாங்க. தீர்ப்பு அவங்க பக்கந்தான இருக்குது?"

அண்ணன் இரண்டு டிக்கெட்டையும் சட்டைப் பையில் வைத்தார்.

"அதுக்குத்தான் தீர்ப்ப ரத்து பண்ணச் சொல்லி நீ மனு போடற. ஆட்சேபணை இல்லன்னு நான் சொல்றேன்."

"உன் வக்கீலு?"

"ஜெயிச்ச கேஸ எதுக்குய்யா கெடுக்கறன்னு கத்தறாரு. எனக்கே ஒண்ணும் புரியல. இப்ப நான் யாரு பக்கம்டா?"

"எம்பக்கத்துல நில்லுண்ணா, போதும்."

கோர்ட் நிறுத்தத்தில் இருவரும் இறங்கினார்கள். மனு இன்னும் போடவில்லை. தீர்ப்பு அப்படியே இருக்கிறது. பாதை இன்றைக்குத் திறந்திருக்கிறது.