பின்னால் ஆள் இல்லாத படம்

“அக்கா, நீங்கள் நான் கம்ப்யூட்டரிலை எழுதிற கோட் பாக்கிறியளோ, இல்லாட்டி நான் ஆரின்ரை மோட்டர்சைக்கிளிலை போறன் எண்டு பாக்கிறியளோ?”

பிரஷாந்தினி இப்படிக் கத்தியபோது, எங்கள் கிளிநொச்சி அலுவலகத்தில் எல்லாரும் தேத்தண்ணியும் கையுமாக நின்றார்கள். ஒருவரும் குடிக்கவில்லை.

“ரெண்டும் பாக்கிறன், பிள்ளை. கண் ரெண்டு இருக்கெல்லே” என்றேன்.

“அம்மாட்டை ஏன் சொன்னனீங்கள்?”

“அவா கேட்டவா, சொன்னனான்.”

அவா கேட்கவில்லை. நான்தான் பஸ் ஏறி, அக்கராயனில் இருக்கிற அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். விசாரிக்க வந்த உங்களிடம் எதற்குப் பொய்? மோட்டர்சைக்கிள்காரன் கிருசாந்தன் நல்ல பெடியன், எங்கள் கமராக்களையும் திரைகளையும் நெல்லு வெட்டும் மெசின்களில் பூட்டுகிறவன். ஆனால் அவனுடைய தாய் தங்கம்மா அவனுக்குக் கனடாவில் பெண் பேசிக்கொண்டிருந்தா. இது பிரஷாந்தினி வீட்டுக்குத் தெரியாமல் இருக்கலாமா?

“இனி உங்களோடை எனக்குக் கதை இல்லை” என்றாள் பிரஷாந்தினி. எனக்கும் இல்லை என்றேன். எங்கள் பக்கம் அதைச் சும்மா சொல்வதில்லை. சொல்லிவிட்டால் செத்த வீட்டிலும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். முதலில் வாய் திறப்பவர் தோற்றவர்.

மற்றவர்கள் எழுதும் கோட்டைப் பிழை பார்த்துச் சரி சொல்வது என் வேலை. அடுத்த கிழமை அவள் எழுதிய ஒரு நிரல் என் பார்வைக்கு வந்தது. நெல்லு வெட்டும் மெசினின் பின்பக்கக் கமராவை, ஓட்டுபவருக்கு முன்னால் உள்ள திரையோடு சேர்க்கிற நிரல். கமரா ஒரு நினைவகத் துண்டில் படத்தை நேரே எழுதும். திரை அதே துண்டிலிருந்து நேரே எடுக்கும். பிரதி எடுக்கிற வேலை இல்லை, அதனால் வேகம். ஒருத்தி கறி காய்ச்ச, மற்றவள் அதே சட்டியிலிருந்து பரிமாறுவது போல. முடிந்தது என்ற சைகை வரும்வரை அகப்பையை வைக்கக் கூடாது. வைத்தால் நேற்றைய கறிதான் வரும்.

வடிவாக எழுதியிருந்தாள். ஒரேயோர் இடத்தில், ரிவர்ஸ் கியர் போட்டதும் திரை விழிக்கிற இடத்தில், அந்தக் காத்திருப்பை விட்டிருந்தாள். அலுவலக மேசையில் தெரியாது. அங்கே கமராவுக்கு முன் ஒன்றும் அசைவதில்லை. வயலில், முன்பு ரிவர்ஸ் எடுத்தபோது பிடித்த படம் சில விநாடிகள் அப்படியே நிற்கும்.

வழமையாக நான் அவளுடைய கதிரைக்குப் போய்ச் சொல்லிவிடுவேன். இப்போது எப்படிப் போவது? குறிப்பாக எழுதியிருக்கலாமே என்பீர்கள். எழுதினாலும் நான் முதலில் கதைத்ததாகத்தானே ஆகும்.

சரி என்ற பொத்தானை அழுத்தினேன்.

பூநகரி வயலில் சோதனை. மெசினுக்குப் பின்னால் பொம்மை ஒன்றை நிறுத்துவதாகத்தான் திட்டம். “பிரஷா எழுதினதெல்லே, நானே நிக்கிறன்” என்று கிருசாந்தன் சொல்லியிருந்தான். அதுவும் எனக்கு முதலே தெரியும். எனக்குத் தெரியாமல் எங்கள் அலுவலகத்தில் என்ன நடக்கிறது?

நல்ல காற்று, சுடச்சுட வடை. மெசின் ஓட்டும் அப்புத்துரை அண்ணை ரிவர்ஸ் போட்டு, திரையைப் பார்த்து, “பின்னாலை ஒருத்தரும் இல்லை” என்று சத்தமாகச் சொன்னார். கிருசாந்தன் சிரித்துக்கொண்டுதான் நின்றான். மெசின் பின்னுக்கு வர, விலகப் பார்த்தபோது கால் சேற்றில் புதைந்திருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். கத்தியிருக்கலாம், வாயில் வடை இருந்தது.

வலது கால் போனது, முழங்காலுக்குக் கீழே. உயிருக்கு ஒன்றும் இல்லை.

பழி பிரஷாந்தினியின் தலையில் விழுந்தது, வேலையை விட்டாள். கனடாக்காரர் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பிறகு தங்கம்மாவே அக்கராயனுக்குப் போய்ப் பெண் கேட்டா. வைகாசியில் கலியாணம் முடிந்து, இரண்டு பேரும் வவுனியாவுக்குக் குடிபோய்விட்டார்கள். யோசித்துப் பார்த்தால், அந்தக் கலியாணத்தைப் பொருத்திக் கொடுத்ததே நான்தான். எனக்கு ஒரு கார்ட்கூட வரவில்லை. ஒரு பெண்பிள்ளைக்கு மனதில் இவ்வளவு வன்மம் ஆகாது.