இடது பக்கம் ஒரு ஃபிரிட்ஜ்

அக்கா: ...அதனால நான் வரலைன்னு சொல்லிடு. தொண்டை கட்டிடுச்சுன்னு சொல்லு.

தம்பி: தொண்டை கட்டினவ இப்படியா கத்துவா? கீழ கார்ல உக்காந்திருக்கிற டிரைவருக்கே கேட்டிருக்கும்.

அக்கா: கத்தலடா. பேசுறேன்.

தம்பி: மொதல்ல உக்காரு. காலைலேருந்து கூண்டுப் புலி மாதிரி சுத்திக்கிட்டே இருக்க. மைக் ஒயர் தடுக்கி விழப் பாத்த.

அக்கா: இதெல்லாம் ஒரு ரூமா? சத்தம் வெளிய போகக் கூடாதுன்னு செவுரு முழுக்க மெத்தை. படுக்க ஒண்ணு கூட இல்ல.

தம்பி: இந்த மெத்தைக்குள்ளதான் மூணு ஆல்பம் போட்ட. வாஷிங் மெஷினைப் பாட வெச்ச. லிஃப்ட் கதவைத் தாளம் போட வெச்ச. வீட்டு ஓனரையே கோரஸ்ல சேத்த...

அக்கா: அவரு சண்டைக்கு வந்தாரு. நான் ரெக்கார்ட் பண்ணினேன். அவ்வளவுதான்.

தம்பி: இப்ப பெரிய ஸ்டூடியோ கூப்பிடுது. அங்க இருக்கிறவரு, எந்தச் சத்தம் எந்தக் காதுல எவ்வளவு கேக்கணும்னு பிரிச்சு வைக்கிறதுல பேர் போன மனுஷன். உன் நாலாவது ஆல்பத்தை உன் பக்கத்துல உக்காந்து மிக்ஸ் பண்றேங்கிறார். கசக்குதா?

அக்கா: அதுக்குத்தான் நீ இருக்கியே. வேற ஆள் எதுக்கு?

தம்பி: அட, திடீர்ப் பாசம்! போன வாரம், உன் கையில குடுத்தா குயில் கூட ஆட்டோ மாதிரி கேக்கும்னு திட்டினது யாரு?

அக்கா: அது கோவத்துல... சரி, மொதல்ல அந்த ஸ்டூலை விட்டு எந்திரி. கிறீச் கிறீச்னு உயிரை வாங்குது. சோபா காலியாத்தானே கிடக்கு?

தம்பி: எனக்கு இதான் ராசி.

அக்கா: நல்ல ராசி! நான் காய்ச்சல் விட்டு எழுந்த வாரம் எந்தக் கடைலேருந்தோ தூக்கிட்டு வந்த. அன்னைலேருந்து ஒரு கால் ஆடுது. வேற வாங்குடான்னா...

தம்பி: பேச்சை மாத்தாத. பரிசு வாங்கின பாட்டு இருக்கே, ஆல்பம் முழுக்க அது மாதிரி வேணும்னுதான் அவர் கேக்கிறார்.

அக்கா: அந்த ஃபிரிட்ஜ் பாட்டு.

தம்பி: அதேதான். ஹெட்போன்ல கேட்டா, வலது பக்கம் நீ உயிரைக் குடுத்துப் பாடுற. இடது பக்கம் ஒரு ஃபிரிட்ஜ் மட்டும் முனகுது. என்ன தனிமை, என்ன துணிச்சல்னு பத்திரிகைக்காரங்க உருகினாங்களே! நீயும் பேட்டில...

அக்கா: அதை ஞாபகப்படுத்தாத.

தம்பி: "இதயம் இருக்கிற பக்கத்தைக் காலியா விட்டேன்"னு அடிச்சு விட்ட பாரு... டிவி முன்னாடி எனக்குப் புரை ஏறிடுச்சு.

அக்கா: திடீர்னு கேட்டாங்க. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

தம்பி: டிரைவர் ஹாரன் அடிக்கிறாரு பாரு.

அக்கா: இரு, அஞ்சு நிமிஷம்னு சொல்றேன்... எங்கடா, காரையே காணோம்?

தம்பி: அந்த ஜன்னல் இல்லக்கா. இந்தப் பக்கம்.

அக்கா: ...ஆங். இந்தத் தெருவே எதிரொலிக்குது.

தம்பி: ம்.

அக்கா: என்ன "ம்"?

தம்பி: ஒண்ணுமில்ல. செருப்பைப் போடு.

அக்கா: போட்டு? அங்க போனதும் ஹெட்போனை மாட்டிவிடுவார். "இடது பக்கம் எப்படி இருக்கு மேடம்?"ம்பார். என்னன்னு சொல்லுவேன்?

தம்பி: கேக்கிறதைச் சொல்லு.

அக்கா: கேக்காதுடா. இடது காது சுத்தமா கேக்காது. மொத ஆல்பம் முடிஞ்ச கையோட வந்துச்சே, அந்தக் காய்ச்சல்... போகும்போது காதையும் கூட்டிட்டுப் போயிடுச்சு. திட்டேன்டா. ஏன் சொல்லலைன்னு கேளேன். உன்கிட்ட சொன்னா அம்மாவுக்குப் போகும். அம்மா அழும், பாட்டை விடுன்னும். விட்டுட்டு? நான் வெந்நீர் வெச்சாலே அடிப்பிடிக்கும்... அந்தப் பாட்டுல இடது பக்கம் என்ன இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. பரிசு என் காது பண்ணின கோளாறுக்கு.

தம்பி: இல்லக்கா. என் மறதிக்கு.

அக்கா: என்னது?

தம்பி: நீ எல்லாச் சத்தத்தையும் வலது பக்கமே தள்ளிட்டுப் போவ. நீ கிளம்பினதும் நான் உக்காந்து இடது பக்கத்தை நிரப்புவேன். ஒவ்வொரு பாட்டுக்கும். அந்த ஒண்ணை மட்டும் ஜலதோஷத் தலைவலில, மைக்ல விழுந்த ஃபிரிட்ஜ் முனகலோட அப்படியே அனுப்பிட்டேன்.

அக்கா: அடப்பாவி! ஏன்டா சொல்லல?

தம்பி: நீயா சொல்லுவேன்னு இருந்தேன். அப்புறம் மேடையேறிக் கோப்பையை வேற வாங்கிட்ட... இனிமே எங்க சொல்றது?

அக்கா: சிரிப்பு மூட்டாத. அழுகை வருது எனக்கு.

தம்பி: ரெண்டும் சேந்தே வரட்டும். அவர்கிட்ட உள்ளதைச் சொல்லு. உனக்கு எப்படிக் கேக்குதோ அப்படியே பண்ணச் சொல்லு. இந்தத் தடவை இடது பக்கம் காலியா இருந்தா, அது நீ விட்டதா இருக்கட்டும். என் ஜலதோஷம் இல்ல.

அக்கா: வேணாம், போம்மான்னுட்டா?

தம்பி: இந்த மெத்தையெல்லாம் எங்க ஓடிடப் போகுது?

அக்கா: ...நீயும் வர்றியா?

தம்பி: பின்ன?

அக்கா: சரி, நட... ஏய், அந்த ஸ்டூலை எதுக்குடா தூக்கற? அவ்வளவு பெரிய ஸ்டூடியோல உனக்கு ஒரு நாற்காலி இருக்காதா?

தம்பி: இருக்கும். எந்தப் பக்கம் போட்டிருக்காங்களோ.

அக்கா: ...நில்லு. உனக்கு எப்போலேருந்துடா தெரியும்?

தம்பி: சோபா உன் இடது பக்கம் கிடந்துச்சு. அங்க உக்காந்து கூப்பிட்டேன், நீ திரும்பல... மறுநாளே இதை வாங்கிட்டேன்.