மாத்திடலாமா, சார்?

"லைட்டு எரிஞ்சா கேம் வேகமா ஓடுமா?"

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் நான் காய்கறி வாங்கிக்கொண்டு ஈசூனுக்குத் திரும்பும் ரயிலில், எதிர் இருக்கைப் பெண் தன் கணவரிடம் கேட்டார். மடியில் கம்ப்யூட்டர் கடைப் பை. அப்போதுதான் அதற்குள் எட்டிப் பார்த்திருந்தார்.

"அதே பட்ஜெட்தான் லா. கடைக்காரர் கார்டைச் சின்னதாக்கிட்டு, கலர் கலரா எரியற ஃபேன் போட்டுக் குடுத்தாரு. பார்க்க அழகா இருக்குமாம்."

"கேம் ஓடுறதே அந்த கிராஃபிக்ஸ் கார்டுலதான். அதுக்காகத்தானே மத்த எல்லாத்தையும் மலிவா எடுத்தேன்? ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சுன்னு கொஞ்ச நேரம் வெளிய போனேன், அதுக்குள்ளயா?"

"அவர்தான் கேட்டாரு, 'மாத்திடலாமா, சார்?'னு."

"முதல்லேர்ந்தே அப்படித்தான். கேள்வி கேட்டது நான், பதில் பூரா உங்க மூஞ்சியப் பார்த்து. விளையாடப் போறது யாரு?"

"நீதான்."

"அதை அவர்கிட்ட சொன்னீங்களா?"

கணவர் கதவுக்கு மேலிருந்த ஸ்டேஷன் பெயர்களைப் படிக்க ஆரம்பித்தார்.

"சொல்லல. தலைய ஆட்டியிருக்கீங்க. ஒரு கேம்கூட ஆடத் தெரியாது, தலைய மட்டும் நல்லா ஆட்டுவீங்க."

ரயில் நின்றது. அந்தப் பெண் எழுந்தார்.

"நாம எறங்கற ஈசூன் இன்னும் வரலையே?"

"கடைக்குத் திரும்பிப் போறேன்."

"சரி, நானும் வரேன். பையைக் குடு, நான் தூக்கிக்கறேன்."

"வேணாம். பை உங்க கையில இருந்தா, அவர் மறுபடியும் உங்ககிட்டதான் பேசுவாரு."