பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து

மொய்ங்கா சூப்பில் வாழைத்தண்டு பதமாக வெந்திருக்க வேண்டும். மீன், நூடுல்ஸ் எல்லாம் அப்புறம். எங்கள் ஊர் ரயிலடி வாசலில் டோ கின் வின் போடும் கடையில் இருபது வருடமாக அந்தப் பதம் தவறியதில்லை. இன்று காலையும் அங்கேதான் சாப்பிட்டேன். நீங்கள் விசாரணைக்குச் சொன்ன நேரத்துக்குக் கால் மணி தாமதமானதற்கு அதுதான் காரணம். மன்னிக்க வேண்டும், மேடம்.

கேள்விக்கு வருகிறேன். குழந்தைப் படைவீரன் என்றால் யார் என்று உங்கள் காகிதத்தை மொழிபெயர்ப்பாளர் படித்துக் காட்டினார். பதினெட்டு வயது நிறையாதவர். துப்பாக்கி தூக்கினாலும் சரி, படைக்குச் சமைத்தாலும் சுமந்தாலும் சேதி கொண்டுபோனாலும் சரி. அழகாக எழுதியிருக்கிறீர்கள், ஓட்டையே இல்லை. நானும் எழுத்து வேலை பார்த்தவன்தான். ஆள்சேர்ப்பு முகாமில் இருபத்திரண்டு வருடம் பதிவேடு எழுதினேன். அதில் பதினெட்டுக்குக் குறைந்தவர் ஒருவர்கூட இல்லை. வேண்டுமானால் புரட்டிப் பாருங்கள்.

அதெப்படி என்கிறீர்கள். எங்களுக்கு வயது என்பது பெயருக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கும், மேடம். பொடியன் என்றால் மாங். மீசை வந்துவிட்டால் கோ. தலை நரைத்தால் ஊ, அதுவே பெண்ணானால் டோ. நான் ஊ கியீ ம்யின். ரயிலடியில் அகப்படுகிறவர்களிடம் பிறப்புச் சான்றிதழெல்லாம் கிடையாது. பெயருக்கு முன்னால் நான் எதைப் போடுகிறேனோ அதுதான் வயது.

என் மகன் தீஹா அப்போது மலைப்பக்கம் காவலில் இருந்தான். இருபத்துநாலு வயது. மலேரியா இரண்டு தடவை வந்து போயிற்று, கால்விரல் அழுகத் தொடங்கியிருந்தது. படையை விட்டு வெளியே வர வேண்டுமானால் ஐந்து புது ஆள் கொடுக்க வேண்டும். எங்கேயும் எழுதி வைக்காத விதி, ஆனால் எல்லாருக்கும் தெரியும். மீசை வந்தவர்கள் நாலு பேர் சுலபமாகக் கிடைத்தார்கள். அடையாள அட்டை இல்லாமல் ரயிலடியில் நின்றவர்கள். ஜெயிலா, படையா என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். ஐந்தாவது ஆள் மட்டும் இழுத்தடித்தது. வெள்ளிக்கிழமை லாரி கிளம்பும், தவறினால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அதிகாரி சொல்லிவிட்டார். அடுத்த வருடம் வரை தீஹா தாங்க மாட்டான்.

டோ கின் வின்னுடைய மகன் நே லின் தினமும் தூக்குச் சட்டியில் எனக்கு மொய்ங்கா கொண்டுவருவான். வாய் கொஞ்சம் நீளம்.

“மாமா, நீங்க சாப்பிடற சாப்பாட்டுக்கு ரெண்டு ரயிலை இழுக்கலாம்” என்றான் அந்த வாரம்.

“உன் வாய்க்கு மட்டும் பதினெட்டு ஆயிடுச்சுடா” என்றேன்.

விளையாட்டாகச் சொன்னதுதான். அவன் போன பிறகு யோசித்தேன். முடிந்த வயது பதிமூன்று. நடப்பு வயது பதினாலு. பிக்குவாகத் தீட்சை கொடுக்கும்போது தாய் வயிற்றில் இருந்த மாதங்களையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். மடத்துக்கு ஒத்துக்கொண்டது படைக்கு ஒத்துக்கொள்ளாதா? பதினைந்து ஆயிற்று. மிச்சம் மூன்றை ‘கோ’ பார்த்துக்கொண்டது.

எடை குறைவாக இருந்தது. தராசு சம்மதிக்கும் வரை சார்ஜென்ட் வாழைப்பழமாக ஊட்டினார். பையனுக்கு ஒரே குஷி. “அம்மாவுக்கு ரெண்டு பழம் எடுத்துக்கட்டுமா மாமா?” என்று கேட்டான். நாலாக எடுத்துக்கொள்ளச் சொன்னேன். லாரி ரயிலடி வழியாகத்தான் போகும், ஏறிக்கொள் என்றேன். அதில் பொய் இல்லை. அந்த வழியாகத்தான் போயிற்று. நிற்கவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் டோ கின் வின் வந்தாள். எழுத்து தெரிந்தவன் என்று என்னை ‘சயா’, வாத்தியார் என்றுதான் கூப்பிடுவாள்.

“சயா, பையன் தூக்குச் சட்டியோட உள்ள வந்தான். சட்டி உங்க மேசையில இருக்கு. அவனைக் காணோம்.”

அவளுக்குப் படிக்கத் தெரியாது. பதிவேட்டைத் திறந்து, விரல் வைத்து, ஒவ்வொரு பெயராகப் படித்துக் காட்டினேன்.

“மாங் நே லின்னு யாரும் இல்ல, டோ கின் வின். கோ நே லின்னு ஒருத்தர் இருக்கார். வயசு பதினெட்டு.”

அவளுக்கு மூச்சு வந்தது. சிரிக்கக்கூடச் செய்தாள். “அப்ப அது வேற யாரோ, சயா. என் பையனுக்குக் குரலே இன்னும் உடையல.”

சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். ரயில் ஏறிப் பட்டணம் பார்க்கப் போயிருப்பான் என்று யாரோ சொன்னார்களாம். ஒவ்வொரு ரயில் வரும்போதும் கரண்டியைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாள். அத்தனை பெயரையும் பொறுமையாகப் படித்துக் காட்டியவன் என்று எனக்கு மட்டும் சுரைக்காய் பஜ்ஜி ஒன்று கூடுதலாக வைப்பாள். பதினாலு வருடமாக வைக்கிறாள். வேண்டாம் என்றால் வருத்தப்படுவாள்.

ஒன்பது மாதம் கழித்து முகாமுக்கு ஒரு காகிதம் வந்தது. கோ நே லின், படைவீரர், சுமை தூக்கிப் போகையில் கண்ணிவெடியில் மரணம். தாய் தகப்பன் விவரத்தை நிரப்ப வேண்டியது என் வேலை. தெரியவில்லை என்று எழுதிக் கோப்பில் வைத்தேன். ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பது நியாயம். கோ நே லினின் தாய் என்று யாரும் வந்து கேட்கவில்லை, மேடம். வந்தவள் மாங் நே லினின் தாய்.

எழுதிக்கொள்ளுங்கள். அவனோடு சேர்த்து, மாங் என்று போட வேண்டிய நூற்றுப் பதினேழு பெயருக்கு நான் ‘கோ’ போட்டிருக்கிறேன். தீஹாவுக்கு ஒருவன், மற்றதெல்லாம் உத்தியோகத்துக்கு. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ‘குழந்தை’ என்ற சொல்லை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள். அது என் பதிவேட்டுக்குப் பொருந்தாது.

கொஞ்சம் சீக்கிரம் விட்டால் நல்லது. மகனுக்குச் சாப்பாடு வாங்கிக்கொண்டு போக வேண்டும். முப்பத்தெட்டு முடிந்துவிட்டது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். ஊரே கோ தீஹா என்கிறது. நான் இன்னும் மாங் தீஹா என்றுதான் கூப்பிடுகிறேன். எத்தனையோ தடவை முயன்று பார்த்தேன், ‘கோ’ சொல்ல வாய் வரவில்லை.

அவன் குழந்தை, மேடம்.